மேலே போய்ப் பார்க்கச் சொன்னவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஓடையைச் சரிசெய்யக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல மூன்று வாரமாக இந்த மடலை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் பெயர் விட்டுப்போகிறது, சேர்க்கிறேன், சேர்த்து முடித்ததும் இன்னொருவர் ஞாபகத்துக்கு வருகிறார். கடைசியில் பெயரே போடாமல் எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். உங்களில் பாதிப் பேர் ‘என் பெயரைப் போட்டால் அடுத்த வாரம் வரமாட்டேன்’ என்று மிரட்டியதும் ஒரு காரணம். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும், பக்கத்தில் நின்று மண் அள்ளியவர்களுக்கும் தெரியும். அது போதும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஓடையைச் சுத்தம் செய்யலாம் என்று கிளம்பியபோது நாங்கள் பதினோரு பேர். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் குப்பை பொறுக்குவது. கையுறை, சாக்கு, ஒரு பிளெக்ஸ் பேனர், அவ்வளவுதான் முதலீடு. ஞாயிறு காலை முழுக்கப் பொறுக்கி, சாக்குகளை வரிசையாக அடுக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம்; அடுத்த மழையில் அதே அளவு குப்பை அதே திருப்பத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டாவது மாதம், புதரில் சிக்கிக் கிடந்த ஒரு பெரிய பிளாஸ்டிக் தாளை நாலு பேர் சேர்ந்து இழுத்து விரித்துப் பார்த்தால், ‘நீர்நிலைகளைக் காப்போம்’ என்று எங்கள் பேனரே பல்லிளிக்கிறது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில்தான் இந்தக் குழு ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். (அதற்கப்புறம் நாங்கள் பேனர் அடிக்கவே இல்லை.)

கரை விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் நன்றி அங்கிருந்துதான் வருகிறது. சுத்தம் என்றால் துடைத்து வைத்த மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்து, ஒரே நாளில் இடது கரையில் இருந்த நாணல், கோரை, புதர் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்து ஒரு ராத்திரி கொட்டிய மழையில், பிடித்துக்கொள்ள வேர் இல்லாத அந்தக் கரை இருபதடி நீளத்துக்கு அப்படியே சரிந்து ஓடைக்குள் விழுந்தது. காலையில் நாங்கள் வாயடைத்து நின்றபோது எதிர்க்கரையில் ஒரு ஐயா நின்றுகொண்டிருந்தார். முதல் நாளிலிருந்தே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ‘கரைக்கு மொட்டை அடித்துவிட்டு மழையைத் திட்டினால் எப்படிப்பா? இந்த மண்ணும் குப்பையும் எங்கிருந்து வருகிறது என்று என்றைக்காவது யோசித்தீர்களா? மேலே போய்ப் பாருங்கள்’ என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஐயா, உங்களுக்கு அன்றைக்கு எங்கள் மேல் இருந்தது கோபமா, பரிதாபமா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. எதுவானாலும் நன்றி.

மேலே போனோம். உண்மையில் மழைக்குள்ளேயே போனோம், ஏனென்றால் மழை பெய்யும்போது பார்த்தால்தான் தண்ணீர் நடக்கும் வழி தெரியும் என்பதும் அவர் இன்னொரு நாள் சொன்னதுதான். ஓடை இரண்டாகப் பிரியும் இடத்தில் வலது கிளை ஓரளவு தெளிவாக வந்தது, இடது கிளை செங்கல்லைக் கரைத்துவிட்ட மாதிரி வந்தது. இடது கிளையைப் பிடித்துக்கொண்டே ஏறினால் மரம் போய் மொட்டையான ஒரு சரிவு, அதில் விரல்களால் கீறிய மாதிரி நிறையப் பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் மண்ணோடு தண்ணீர் உருண்டு வருகிறது. அப்போதுதான் எங்கள் மண்டையில் உறைத்தது: ஓடை என்பது நாங்கள் நின்றுகொண்டிருந்த அந்த ஒரு கிலோமீட்டர் கிடையாது, எந்த மேட்டில் விழும் துளி அதை நோக்கி உருளுமோ அந்த மேடு வரைக்கும் ஓடைதான். ஒரு ஹெக்டேரில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 1 லட்சம் லிட்டர். அந்தச் சரிவு எத்தனை ஹெக்டேர் என்று நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அத்தனையும் நிற்காமல் ஓடி வந்தால் கீழே பதினோரு பேர் சாக்கோடு நின்று என்ன செய்வது?

அடுத்த நன்றி, ஓய்வு பெற்ற நில அளவையாளர் ஐயாவுக்கு. சரிவில் தண்ணீரை நிறுத்தப் பள்ளம் வெட்டலாம் என்று நாங்கள் கண்மட்டத்தில் கோடு போட்டுக் கொண்டிருந்தபோது வந்து, மண்வெட்டியை வாங்கிக் கீழே வைக்கச் சொன்னவர். பள்ளம் சமமட்டத்தில் இல்லாவிட்டால் தண்ணீர் தாழ்ந்த முனைக்குப் போய்ச் சேர்ந்து அந்த இடத்தில் உடைத்துக்கொண்டு இறங்கும், இருந்ததைவிடப் பெரிய பள்ளம்தான் மிஞ்சும் என்று விளக்கினார். சரி, அளக்கக் கருவி வேண்டுமே என்றால், மூன்று கழி கேட்டார். இரண்டு கழியைக் கூடாரம் மாதிரி மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் ஒன்றைக் குறுக்கே கட்டி, உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டார். கயிறு குறுக்குக் கழியைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. அப்புறம் இரண்டு காலையும் இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவில் மூன்றாவது கோடு, அதுதான் மட்டம். இனி ஒரு காலை ஊன்றி, கயிறு அந்த நடுக்கோட்டில் வந்து நிற்கும்வரை மறுகாலை மேலும் கீழும் நகர்த்த வேண்டியது, முளை அடிக்க வேண்டியது, அடுத்த அடி. ரசமட்டம்கூட வேண்டாம். காற்று அடித்தால் மட்டும் கல் ஆடிக்கொண்டே இருக்கும், அது நிற்கும்வரை பொறுமை வேண்டும்; எனக்கு இல்லாததால் என்னை முளை அடிக்க மாற்றிவிட்டார். அந்த வருஷம் முழுக்க முளை அடித்தேன்.

முதல் வருஷ முடிவில் ‘இதெல்லாம் நடக்கிற காரியமா’ என்று நாங்கள் உட்கார்ந்துவிட்ட ஒரு சாயங்காலத்தில், ராஜஸ்தானின் ஆல்வார் பக்கத்துக் கதையைச் சொன்ன டீச்சர் அக்காவுக்கும் நன்றி. 1985-இல் ராஜேந்திர சிங் கல்வி, வைத்தியம் என்றுதான் அங்கே போனாராம்; ஊர்ப் பெரியவர் ஒருவர்தான் அதெல்லாம் இருக்கட்டும், முதலில் தண்ணீருக்கு வழி செய் என்று திருப்பிவிட்டாராம். ராஜேந்திர சிங்கும் அவருடைய தருண் பாரத் சங்கம் என்ற அமைப்பும் ஊர் மக்களோடு சேர்ந்து ஜோஹத் எனப்படும் மண் தடுப்பணைகளை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே போனதில், வறண்டு கிடந்த அர்வாரி ஆறு மறுபடி ஓடியது. 2015-இல் அவருக்கு ஸ்டாக்ஹோம் நீர் விருது கிடைத்தது. அக்கா விருதைச் சொன்னபோது யாரும் பெரிதாக அசையவில்லை. பெரியவர் திருப்பிவிட்டதைச் சொன்னபோதுதான் எல்லோரும் எதிர்க்கரை ஐயாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் காதில் விழாத மாதிரி புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் உருண்டு வரும் பள்ளங்களின் குறுக்கே கல் தடுப்புக் கட்டிய அண்ணன்களுக்கு நான் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். நாங்கள் ஆர்வத்தில் கட்டிய முதல் தடுப்பு சுவர் மாதிரி நேராக இருந்தது, வெள்ளம் அதை இடிக்கக்கூட இல்லை, பக்கத்தில் கரையைக் குடைந்துகொண்டு சுற்றிப் போய்விட்டது. நடுவில் தாழ்த்தி, இரண்டு ஓரத்தையும் உயர்த்தி, ஓரக் கற்களைக் கரைக்குள் புதைத்து, தண்ணீர் விழும் பக்கம் தட்டைக் கற்களைப் பரப்பினால்தான் நிற்கும் என்று காட்டிக்கொடுத்தது நீங்கள்தான். மேல் தடுப்பின் பாதமும் கீழ்த் தடுப்பின் தலையும் ஒரே மட்டத்தில் வரும்படி இடைவெளி விட வேண்டும் என்பதும், வேலையை உச்சியிலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும் என்பதும் அப்போது கற்றதுதான். அந்த இடது கிளைப் பக்கம் இப்போது பதினேழு தடுப்பு இருக்கிறது. மூன்று ஏற்கெனவே மண்ணால் நிரம்பி, அதன் மேல் புல் முளைத்துவிட்டது. அந்த மண் முன்பெல்லாம் ஓடைக்கு வந்துகொண்டிருந்த மண் என்பதால், அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம்.

கரையோரம் பதினைந்தடி அகலத்தை உழாமல் விட்டுக்கொடுத்த மூன்று குடும்பங்களுக்கு நன்றி. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொடுத்தோம், நீங்கள் நிலத்தைக் கொடுத்தீர்கள், இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கொடுக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன நாலாவது வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் காரணம் நியாயமானது, எங்களுக்கு அது புரிய ஒரு வருஷம் ஆனது. வெள்ளத்தன்று மின்விளக்கோடு வந்து எங்கள் ஆட்களைக் கரையேற்றியது நீங்கள் என்பதும் மறக்கவில்லை.

அப்புறம் பிள்ளைகள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடாமல் வந்து தண்ணீரை அளக்கிறீர்கள், பெரியவர்கள் எங்களில் யாருமே அவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை. அடியில் கறுப்பு வெள்ளை வட்டம் ஒட்டிய கண்ணாடிக் குழாயில் ஓடைத் தண்ணீரை ஊற்றி, வட்டம் மறையும் உயரத்தைக் குறித்து வைத்த உங்கள் நோட்டுதான் எங்களிடம் இருக்கும் ஒரே உண்மையான சாட்சி. முதல் மழைக்காலத்தில் ஒரு சாண் ஊற்றுவதற்குள் வட்டம் மறைந்தது. இந்த மழைக்காலத்தில் முழங்கை அளவு ஊற்றிய பிறகும் மங்கலாகத் தெரிகிறது என்று ஒரு தம்பி கத்திக்கொண்டே ஓடி வந்தான்.

அதைவிட அந்தக் கல். போன மாதம் ஆறாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு தட்டைக் கல்லைப் புரட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ‘வால் எண்ணுங்க, வால் எண்ணுங்க’ என்றாள். நகத்தின் பாதி அளவில் ஒரு பூச்சிக்குஞ்சு, வயிற்றின் இரு பக்கமும் இறகு மாதிரி செவுள்கள் படபடக்க, பின்னால் மயிரிழை போல மூன்று வால். மேஃப்ளை. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் முதலில் காணாமல் போகிற கூட்டத்தைச் சேர்ந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் கல்லைப் புரட்டினால் சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்கள் மட்டும்தான். காற்றில்லாத தண்ணீரிலும் அவை பிழைத்துக்கொள்ளும். கல்லை எடுத்த மாதிரியே மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு அவள் நோட்டில் ‘1’ என்று எழுதினாள். ஒன்றே ஒன்றுதான். நான் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகாயத்தாமரை அணிக்கு என்ன சொல்வது? ஊர் உலகத்தில் இதைவிட நன்றி கெட்ட வேலை கிடையாது. நல்ல சூடும் சத்தும் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும் செடி, விதை சேற்றில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்து, கரையிலேயே போட்டால் மழை திரும்ப உள்ளே தள்ளிவிடும் என்பதால் தூரத்துக்குச் சுமந்து கொண்டுபோய்க் கொட்டி, அடுத்த மாதம் மறுபடியும் முதலிலிருந்து. உங்களை யாரும் படம் எடுத்ததில்லை, சேற்று வாடைக்குப் பயந்து நானே பக்கத்தில் வந்ததில்லை. மன்னியுங்கள்.

மண் அள்ளும் இயந்திரம் ஓட்டிய அண்ணன் ஒருவருக்கும் கடன் பட்டிருக்கிறோம். ஓடையை நேராக வெட்டிவிட்டால் வேலை அரை நாளில் முடியும் என்று எங்களில் ஒரு சிலர் (நானும்தான்) கேட்டபோது, வளைவை எடுத்தால் தண்ணீர் வேகம் எடுக்கும், கீழே இருப்பவன் கரை போகும், நான் செய்யமாட்டேன் என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். வாடகைக்கு வந்தவர் அவர். சும்மா செய்துவிட்டுப் போயிருக்கலாம்.

கணக்கு எழுதிய அண்ணி, கையுறைகளைத் துவைத்துக் காயவைத்து அளவு வாரியாகக் கட்டித் தந்த பாட்டி, ஒரே ஒரு நாள் வந்து கை முழுக்கக் கொப்புளத்தோடு திரும்பிப் போனவர்கள், சண்டை போட்டுக்கொண்டு விலகியவர்கள், எல்லோருக்கும் நன்றி. விலகியவர்களில் இரண்டு பேர் சொன்னது சரி என்று இப்போது தெரிகிறது. வந்தால் மண்வெட்டி தருகிறோம், பழையதைப் பேச மாட்டோம்.

கடைசியாகக் கருவி அறை அக்கா. எந்த மண்வெட்டிக்குப் பிடி ஆடுகிறது, எந்தச் சட்டியில் ஓட்டை என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வீர்கள். நன்றி என்று சொன்னால் ‘நன்றி இருக்கட்டும், பச்சை வண்ணம் அடித்த கடப்பாரை எங்கே’ என்று கேட்பீர்கள் என்பதால் முந்திக்கொண்டு இங்கேயே கேட்டுவிடுகிறேன்: பதினேழாவது தடுப்பு கட்டிய அன்று அந்தக் கடப்பாரையைக் கடைசியாக யார் வைத்திருந்தீர்களோ, வருகிற சனிக்கிழமை பிள்ளைகள் அளக்க வருவதற்குள் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். அவர் தினமும் என்னைத்தான் கேட்கிறார்.