குரும்பட்டியில் ஒரு மூலக்கூறு

கோப்பாய்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மழைக்குக் கூடும், வெயிலுக்குக் குறையும். வேறு புதினம் இல்லை. புழுக்கொடியல் காயவைத்துக் கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் அங்கே வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடுவாளாம்.

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கோபப்பட்ட விடயத்துக்கு வருகிறேன். அமோனியா, நைதரசன் முப்புளோரைட்டு இரண்டில் எதற்கு முனைவுத்தன்மை கூட, அதாவது எதில் இலத்திரன்கள் ஒரு பக்கமாகக் கூடுதலாகச் சாய்ந்திருக்கின்றன என்று பேரன் தம்பியின் பரீட்சையில் கேட்டிருக்கிறார்கள். அவன் புளோரைட்டு என்று எழுதியிருக்கிறான். மூலகங்களுக்குள் மின்னெதிர்த்தன்மை, அதாவது பிணைப்பு இலத்திரனைத் தன் பக்கம் இழுக்கும் வலு, கூடியது புளோரின் என்று காரணமும் காட்டியிருக்கிறான். ஆசிரியை பிழை போட்டுவிட்டார். "காரணம் சரி, விடை மட்டும் எப்படிப் பிழைக்கும்? நான் போய்க் கேட்கப்போகிறேன்" என்றாய். போகாதே பிள்ளை. ஆசிரியை போட்டது சரி. அன்றைக்கே சொல்லியிருப்பேன், ஆனால் படம் கீறாமல் எனக்கு இரசாயனம் வாயில் வராது என்பது உனக்குத் தெரியும்.

அதோடு, எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அதே பிழையை, அதே காரணத்தோடு, 1992இல் நானே கரும்பலகையில் எழுதியவன். பேரனுக்குக் காணி விட்டேனோ இல்லையோ, இதை விட்டிருக்கிறேன்.

ஓலைக்கொட்டிலில் ரியூஷன் நடத்திய காலம். மின்சாரம் இல்லை, கொப்பி கிடைப்பது அருமை, யூரியாகூடத் தடைசெய்த பொருள். அமோனியாவின் மணத்தைக் காட்ட வேண்டுமென்றால் பிள்ளைகளைப் பக்கத்து வளவு மாட்டுக்கொட்டிலடிக்குத்தான் கூட்டிப்போவேன். அன்றைக்குப் புளோரைட்டுக்கே முனைவுத்தன்மை கூட என்று எழுதி முடித்துத் திரும்பினேன். கடைசி வாங்கிலில் இருந்த ஒருவன், வகுப்பில் வாய் திறக்காதவன், எழுந்து கேட்டான்: "சேர், தனிச்சோடி எந்தப் பக்கம் பார்க்கிறது?" நேரமாகிவிட்டது, இரு என்று அதட்டிவிட்டேன். சைக்கிளில் வீடு வந்து சேரும்வரை அந்தக் கேள்வி பின்கரியரில் ஏறி இருந்தது.

இரவு ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்திக்கொண்டு விறாந்தையில் இருந்து முதலிலிருந்து தொடங்கினேன். நீ கணக்காளர் ஆகையால் கணக்கோடு சொல்கிறேன். நைதரசனின் வெளி ஓட்டில் 5 இலத்திரன். ஐதரசன் மூன்றும் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தால் மொத்தம் 8, அதாவது நான்கு சோடி. மூன்று சோடி பிணைப்புக்குப் போய்விடும். மிஞ்சிய ஒரு சோடியை யாரும் பங்கு கேட்பதில்லை. அது நைதரசனிலேயே தங்கிவிடும். தனிச்சோடி என்பது அதுதான். புளோரைட்டில் புளோரின் ஒவ்வொன்றும் 7 கொண்டுவரும். 5உம் 21உம் 26, பதின்மூன்று சோடி. மூன்று பிணைப்புக்கு, புளோரின் ஒவ்வொன்றிலும் மூன்றாக ஒன்பது, மிச்சம் ஒன்று மறுபடியும் நைதரசனின் தலையில். ஐந்தொகை சரி.

சோடிகள் ஒன்றையொன்று தள்ளும். நைதரசனைச் சுற்றி நான்கு சோடி இருந்தால், ஒன்றுக்கொன்று ஆகக் கூடிய தூரத்தில் நிற்க நான்முகியின் நான்கு மூலைகளுக்குப் போகும். சொல்வது சுலபம், தாளில் கீறுவது கடினம். கிணற்றடியில் பிஞ்சிலேயே உதிர்ந்து விழுந்துகிடந்த குரும்பட்டிகளைப் பொறுக்கிவந்தேன். பெரியது நைதரசன், சிறியவை மூன்றும் புளோரின், ஈர்க்குகள் பிணைப்பு. நான்காவது ஈர்க்கில் இரண்டு புளியங்கொட்டைகளைத் துணியில் முடிந்து கட்டினேன், அது தனிச்சோடி. புளியங்கொட்டையை மேலே வைத்துப் பிடித்தால் கீழே மூன்று கால்கள் விரிந்து நிற்கின்றன, அடுப்புக்கல் மூன்றின்மேல் பானை வைத்ததுபோல. முக்கோணக் கூம்பகம் என்று நாங்கள் வாயால் ஒப்புவிக்கிற வடிவம் அதுதான்.

சரியான நான்முகி என்றால் இரண்டு ஈர்க்குகளுக்கு இடையிலான கோணம் 109.5 பாகை. தனிச்சோடியை ஒரு கருதான் பிடித்துவைத்திருக்கிறது. அதனால் அது பரந்து உட்கார்ந்து மற்றவற்றை நெருக்கும். அமோனியாவில் கோணம் ஏறக்குறைய 107. புளோரைட்டில் 102தான், ஏனென்றால் பிணைப்பு இலத்திரன்களைப் புளோரின் தன் பக்கம் இழுத்துவிடுவதால் நைதரசனுக்குப் பக்கத்தில் அவை ஒன்றையொன்று தள்ளுவது குறைவு.

அந்தப் பையனின் கேள்வி இனித்தான் வருகிறது. மின்னெதிர்த்தன்மை நைதரசனுக்கு 3.04, ஐதரசனுக்கு 2.20, புளோரினுக்கு 3.98. வித்தியாசம் ஒன்றில் 0.84, மற்றதில் 0.94. பருமனில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு திசையில். அமோனியாவில் நைதரசன்தான் இழுக்கிறது. மூன்று பிணைப்பின் இழுப்பும் கீழிருந்து மேலே, தனிச்சோடி இருக்கும் பக்கமே போகிறது. நல்லூர்த் தேரின் இரண்டு வடத்தையும் ஒரே பக்கம் இழுக்கிற மாதிரி. புளோரைட்டில் புளோரின் மூன்றும் இலத்திரனைக் கீழே இழுக்க, தனிச்சோடி மேலே இருந்து எதிர்த்திசையில் நிற்கிறது. தேருக்கு முட்டுக்கட்டை போட்டாயிற்று. முனைவுத்தன்மையின் அளவை இருமுனைவுத் திருப்புதிறன் என்போம், அதன் அலகு டிபை. அளந்து கண்டது அமோனியாவுக்கு 1.47 டிபை, புளோரைட்டுக்கு 0.23 டிபைதான். ஆறு மடங்கு வித்தியாசம். நான் கரும்பலகையில் எழுதியதற்கு நேர் எதிர்ப்பக்கம்!

தம்பி கேட்பான், தனிச்சோடியே இல்லாவிட்டால் என்று. போரன் முப்புளோரைட்டைக் காட்டு. போரனின் வெளி ஓட்டில் 3 இலத்திரன்தான். மூன்றும் பிணைப்புக்குப் போனால் மிச்சம் இல்லை. தள்ளுவதற்கு மேலே யாரும் இல்லாததால் மூலக்கூறு தட்டையாகிவிடும், 120 பாகைக்கு ஒன்றாக, சீவிய நுங்கின் மூன்று கண்களைப்போல. மூன்று இழுப்பும் சரிக்குச் சரி, முனைவுத்தன்மை பூச்சியம். எழுதும் சூத்திரம் இரண்டுக்கும் ஒரே மாதிரி, நைதரசன் இருந்த இடத்தில் போரன், அவ்வளவுதான். அதனால்தான் எண்ணிப் பார்க்காமல் வடிவம் சொல்லாதே என்கிறேன்.

அடுத்த நாள் வகுப்பில் நேற்றுச் சொன்னது பிழை என்று சொல்லி அழித்து எழுதினேன். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். 1995 ஒக்ரோபரில் ஊரே இடம்பெயர்ந்தபிறகு அவனை நான் காணவில்லை. குரும்பட்டி மூலக்கூறைக் கொண்டுபோய் வகுப்பில் காட்டவும் முடியவில்லை. ஆறு வயதில் நீ விடிய எழும்பி அதைப் பிரித்துத் தேருக்குச் சில்லாக்கிவிட்டாய். உனக்கு ஞாபகம் இராது. அன்றைக்கு நான் ஏசியது அம்மாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு அன்றிரவு பிடிபட்டது. விளக்கு வெளிச்சத்தில் மூலக்கூறின் நிழல் சுவரில் விழுந்தது. கையில் திருப்பத் திருப்ப நிழல் வேறு வேறு. கொப்பியில் நாங்கள் கீறுவது அந்த நிழல்களில் ஒன்றைத்தான்.

அங்கே குரும்பட்டிக்கு எங்கே போவது? உருளைக்கிழங்கும் பற்குச்சியும் போதும். தம்பியிடம் இருகுளோரோமெதேனைக் கொடு. நடுவில் காபன், இரண்டு ஐதரசன், இரண்டு குளோரின், காபனில் தனிச்சோடி இல்லை. தாளில் சிலுவைபோலக் கீறிக் குளோரின்களை எதிரெதிரே வைத்தால் முனைவு இல்லை என்று தோன்றும். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் உண்டு என்று தோன்றும். ஒரே மூலக்கூறுக்கு இரண்டு விடை எப்படி வரும்? செய்து பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அம்மப்பாவுக்கு அவனே சொல்லட்டும். நீ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காதே.

அன்புள்ள,
அப்பா