அழிஞ்சுபோன கலையா? எங்கப்பா இன்னும் இருக்கார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மண் வீடு பத்தி வந்த கட்டுரைய வீட்ல எல்லாருமே படிச்சோம். மூணு நாள் பயிற்சி, காலேஜ் பசங்க சேறு மிதிக்கிற போட்டோ, எல்லாம் சந்தோஷம்தான். ஆனா "அழிந்தேபோன கலையை மீட்டெடுக்கும் இளைஞர்கள்"னு ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, அது இன்னும் மனச உறுத்திக்கிட்டே இருக்கு. அதே போட்டோல ஓரத்துல துண்டைத் தலையில கட்டிக்கிட்டு ஒரு பெரியவர் மம்பட்டியோட நிக்கிறார். பசங்களுக்குப் பேரு, ஊரு, காலேஜ் எல்லாம் போட்டிருக்கு, அவருக்கு ஒண்ணுமே இல்ல. கத்துக்கொடுக்க அவர் நிக்கும்போது கலை எப்படிங்க அழிஞ்சுது?

எங்கப்பா சிவகங்கை பக்கம் நாப்பது வருஷத்துக்கு மேல மண் சுவர் வச்சவர். புது இடத்துக்குப் போனா முதல்ல ஒரு கைப்பிடி மண்ணை நனைச்சு உள்ளங்கையில கயிறு மாதிரி உருட்டுவார். உருட்டும்போதே பொடிஞ்சா களிமண் பத்தாது, ரொம்ப நீளமா வந்தா களிமண் ஜாஸ்தி, காயும்போது வெடிக்கும், மணல் சேருன்னுவார். கண்மாய்ல படிஞ்ச கரம்பை மண்ணை அப்படியே சுவருக்கு எடுக்கவே விடமாட்டார். செம்மண்ணுல வைக்கோலைப் போட்டு மிதிச்சு, நாலஞ்சு நாள் புளிக்கவிட்டு, ஒரு முழ உயரம் வச்சுட்டு அது காயுற வரைக்கும் அடுத்ததைத் தொடமாட்டார். அந்த ஒரு முழம் காயுறதுக்குள்ள உங்க மூணு நாள் பயிற்சியே முடிஞ்சிரும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்ல. ஆரோவில்ல மண் கட்டடத்துக்குன்னே எர்த் இன்ஸ்டிடியூட்னு ஒரு நிறுவனம் 1989லயே வந்திருச்சு, சூளை வைக்காம 5 சதவீதம் போல சிமென்ட் சேர்த்து அழுத்துன மண் கல்லுல எத்தனையோ கட்டடம் கட்டியிருக்காங்க. லாரி பேக்கர்னு அவ்வளவு பெரிய கட்டடக் கலைஞரே, இமயமலைப் பக்கம் பித்தோராகர்ல ஊர்க்காரங்க கட்டுறதைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன்னு கடைசி வரைக்கும் சொன்னார்.

எங்க கதையைக் கேளுங்க. 2016ல வீட்டை எடுத்துக்கட்ட ஒரு பேங்க்ல லோன் கேட்டுப் போனேன், மண் சுவர்னு சொன்னதும் மேனேஜர் பைலை மூடிட்டார். அரசாங்கக் கணக்குலயும் மண் சுவர்னா கச்சா வீடுதான், அதாவது உறுதியில்லாத வீடு. எங்க சித்தப்பா வீட்ல யார் பேச்சையோ கேட்டு நல்லா இருந்த மண் சுவருக்கு மேல சிமென்ட் பூசுனாங்க, அப்பா தலைதலையா அடிச்சுக்கிட்டார், உள்ள இருக்கிற ஈரம் வெளிய போக வழியில்லாம போகும், சுண்ணாம்பு பூசுங்கடான்னு. கேக்கல. ரெண்டாவது மழையில பூச்சு பாளம் பாளமா மண்ணோட சேர்ந்து விழுந்துச்சு, அப்புறம் மண் வீடே மட்டம்னு பேசுனாங்க. அன்னைக்கு ராத்திரி அப்பா சாப்பிடல.

கத்துக்க வர்ற பசங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, வரட்டும், ஒரு மழைக்காலம் முழுசா கூட இருந்து கத்துக்கட்டும், அந்தந்த ஊர் ஆளுங்ககிட்டயே கத்துக்கட்டும், அவங்களுக்குக் கூலியும் குறையாம குடுக்கட்டும்.

உங்ககிட்ட கேக்கிறது ஒண்ணுதான். அந்தப் பெரியவர் பேரை விசாரிச்சு அடுத்த இதழ்ல அதே போட்டோவுக்குக் கீழ போடுங்க. அப்பாவுக்கு இப்ப கண்ணு சரியா தெரியல, நான்தான் வாசிச்சுக் காட்டணும்.

இப்படிக்கு,
மண் சுவர் வைக்கிறவர் மகள்,
சிவகங்கை மாவட்டம்