மதரஸா மாணவர்களுக்கு இலங்கைப் பேருவளை வழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மார்க்கக் கல்வியோடு நவீனப் பாடங்களையும் சேர்க்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோக்க வேண்டும் என்ற கட்டுரையைப் படித்தேன். நோக்கம் சரி. ஆனால் கட்டுரையாளரின் பார்வை கெய்ரோவையும் கோலாலம்பூரையும் தாண்டவில்லை. கெய்ரோவின் அல் அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், பொறியியலுக்கு எகிப்தின் 1961 சட்டமே வழிவிட்டது. மலேசியாவின் பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகம் 1983 முதல் நடக்கிறது. சந்தோஷம்தான். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் மூட்டை தூக்குகிறவரின் மகன் அங்கே எப்படிப் போய்ச் சேருவான்?

நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். பழையபேட்டையில் ஓர் ஆலிம் (மார்க்க அறிஞர்) இஸ்லாமிய முறைப்படி வாரிசுப் பங்கு பிரித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இறந்தவருக்கு மனைவி, தாய், ஒரு மகன். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மிச்சம் மகனுக்கு. காகிதம்கூட எடுக்காமல் சொத்தை 24 பங்காக்கி, 3, 4, 17 என்று சொல்லிவிட்டார். வகுப்பில் மீச்சிறு பொது மடங்கு நடத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! ஒன்பதாம் நூற்றாண்டுக் கணித மேதை அல் குவாரிஸ்மியின் இயற்கணித நூலிலும் ஒரு பெரிய பகுதி இந்த வாரிசுக் கணக்குதான். ஆனால் அந்த ஆலிமிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கிடையாது. ஓசூர் கம்பெனிகளில் விண்ணப்பம்கூடப் போட முடியாது.

இலங்கையில் பேருவளை ஊரிலுள்ள ஜாமிஆ நளீமிய்யா என்ற கல்வி நிலையம் 1973-லேயே மார்க்கக் கல்வியையும் பல்கலைக்கழகப் படிப்பையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் தனிப் பீடமே இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்கள் பலரும் தமிழ் பேசுகிறவர்கள். பொருளாதாரத்தையும் சமூகவியலையும் இணையவழியில் அவர்கள் நடத்தினால் விசாவும் வேண்டாம், விமானச் சீட்டும் வேண்டாம். நம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் உருதுதானே அதிகம் என்பார்கள். வீட்டில் உருது, பள்ளியில் தமிழ், மதரஸாவில் அரபி என்று வளர்கிற பிள்ளைகளுக்கு இதுவா கஷ்டம்?

கொடுக்கல் வாங்கலாகவே செய்யலாம்; அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நம்மிடமும் மார்க்கக் கல்வி இருக்கிறது. வேலூர் பாக்கியாத் அரபிக் கல்லூரிக்கு ஒரு காலத்தில் இலங்கையிலிருந்தும் மலாயாவிலிருந்தும் ஓத வந்தார்கள். 1924-இல் தொடங்கிய உமராபாத் தாருஸ்ஸலாம் அரபிக் கல்லூரி நம் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. இந்தப் பெரிய கல்லூரிகள் முன்கை எடுத்தால் எங்கள் ஊர்ச் சின்ன மதரஸாக்கள் பின்னால் வரும். பெண்கள் மதரஸாக்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், ஓதுகிற காலத்திலேயே தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்பை எழுத வைத்துவிட வேண்டும். அப்புறம் எந்த நாட்டோடு ஒப்பந்தம் போட்டாலும், அங்கே தரும் சான்றிதழ் இங்கே செல்லுமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

– ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், கிருஷ்ணகிரி