வெள்ளிக் கொலுசுக்கு ஈயப்பற்று வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கைவினைப் பக்கத்தில், அறுந்த வெள்ளிக் கொலுசை வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளும் வழி வந்திருந்தது. ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் சால்டரிங் அயர்னும் ஈயக் கம்பியும் போதும் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். சேலத்தில் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே பிழைப்பவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பற்றவைப்பதில் இரண்டு வகை உண்டு. ஈயப்பற்று ஒன்று, வெள்ளிப்பற்று இன்னொன்று. வெள்ளீயமும் காரீயமும் கலந்த சாதாரண ஈயக் கம்பி 183 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பித்துவிடும். வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் சேர்த்துச் செய்யும் பற்றுக்கோ 700 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அயர்னின் முனை 400 டிகிரியைத் தொட்டாலே பெரிது. அதற்கு ஊதுகுழலோ கேஸ் டார்ச்சோதான் சரி.

சூடு மட்டும் இல்லை, பிடிப்பும் வேறு. கொலுசு வளையத்தின் இரண்டு முனைகளும் நுனியோடு நுனி முட்டி நிற்கும். அந்த ஊசிமுனை இடத்தில் ஈயம் தாங்காது. நாலு நாள் நடந்தால் விட்டுவிடும். வெள்ளிப்பற்று அந்தச் சந்துக்குள் இறங்கி, வெள்ளியோடு கலந்து பிடித்துக்கொள்ளும்.

பட்டறையில் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். வெங்காரத்தை (போராக்ஸ்) தண்ணீரில் உரைத்துத் தடவி, பற்றுத்துண்டை வைத்து ஊதுவார்கள். வெங்காரம் முதலில் பொரிந்து வெள்ளையாக எழும்பும், அப்புறம் அடங்கிக் கண்ணாடி போல உருகும். வெள்ளி மங்கலாகச் சிவக்கிற நேரத்தில் பற்று சட்டென்று பளபளத்து, சந்து முழுக்க ஒரே ஓட்டமாக ஓடிவிடும். பற்று சூடு இருக்கும் பக்கம்தான் ஓடும். அதனால் தீயைப் பற்றின் மேல் காட்டாமல் சுற்றியுள்ள வெள்ளியைச் சூடாக்குவார்கள். முனைகள் முட்டாமல் இடைவெளி இருந்தால் எவ்வளவு ஊதினாலும் பயனில்லை.

கடையில் 'சில்வர் சால்டர்' என்று கேட்டு வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. காரீயம் இல்லாத எலக்ட்ரானிக்ஸ் கம்பி சிலவற்றில் 3 சதவீதம் வெள்ளி இருக்கும். அது 220 டிகிரியை ஒட்டி உருகுகிற ஈயப்பற்றுதான். நகைக்கு வாங்கும்போது எத்தனை டிகிரியில் உருகும் என்று கேளுங்கள். கேட்மியம் கலக்காததா என்றும் கேளுங்கள். கேடிஎம் நகை என்று ஒரு காலத்தில் விளம்பரம் செய்தார்களே, அந்தக் கேட்மியத்தின் புகை ஊதுகிறவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஈயப்பற்றை நான் மட்டம் தட்டவில்லை. சர்க்யூட் போர்டு, செம்புக் கம்பி, தகர டப்பா இதற்கெல்லாம் அதுவே சரி. அங்கே போய் டார்ச்சைப் பிடித்தால் எல்லாம் கருகிப்போகும். ஆனால் காரீயம் கலந்ததைச் சாப்பாட்டுப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது. குழந்தைக் கொலுசில் சுத்தமாகக் கூடாது. அது காலில் இருக்கும் நேரத்தைவிட வாயில் இருக்கும் நேரம் அதிகம்.

கட்டுரையைப் பார்த்து யாராவது ஏற்கெனவே ஈயம் வைத்திருப்பார்கள். அது விட்டுப்போனதும் ஆசாரியிடம்தான் வருவார்கள். தெரியாமல் அதன் மேலேயே ஊதினால், அந்தச் சூட்டில் ஈயம் வெள்ளிக்குள் இறங்கி அரித்துக் குழி குழியாக்கிவிடும். மெல்லிய கம்பியாக இருந்தால் அந்த இடமே உருகி விழும். ஆகவே, கொலுசைக் கொடுக்கும்போதே "இங்கே ஈயம் வைத்திருக்கிறது" என்று இடத்தைக் காட்டிச் சொல்லிவிடும்படி அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். ஊதுவதற்கு முன்னால் சுரண்டி, அரம் போட்டு முழுவதும் எடுத்துவிட்டால் கொலுசைக் காப்பாற்றிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சேலம்