கைக்கு எட்டாத காசு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் ஃபோனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும். "உங்க காலத்துல வாங்குறதுக்கு என்னம்மா இருந்துச்சு, அதனாலதான் மிச்சம் பிடிச்சீங்க" என்றாய். யோசித்துப் பார்த்தேன். பாதி சரிதான்.

நம் மலேசியாவில், நிபோங் திபால் பக்க ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய உன் தாத்தாவுக்குச் சம்பள நாளில்கூடக் கையில் காசு நிற்காது. மளிகைக் கடையின் 555 புத்தகத்தில் ஏறியிருந்த கடனைக் கட்டிவிட்டு வரும்போதே அடுத்த மாதக் கடனுக்கு அரிசி வாங்கி வருவார். அதே தாத்தாதான் மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டி நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு எடுத்தார். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரர்கள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள், வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளர்கள் தெருவில் நிற்கக்கூடாது, அவர்களே சேர்ந்து தோட்டத்தை வாங்கட்டும் என்று 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய சங்கம் அது. தாத்தா பெரிய திட்டம் போட்டுக் கட்டினார் என்று நினைத்துவிடாதே. லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கட்டினார். இவர் கட்டாவிட்டால் மறுநாள் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, நாலு பேர் கேட்பார்கள். அவ்வளவுதான்.

பாட்டியின் பாங்கி அவர் கழுத்து. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். நூறு வெள்ளிக்கு மாதம் இரண்டு வெள்ளி வட்டி, ஆறு மாதத் தவணை. சங்கிலி போனது ஊருக்கே தெரியும், வெறும் கழுத்தை மறைக்க முடியாதே. கோயில் திருவிழா வருவதற்குள் மீட்டுவிட வேண்டும் என்று பாட்டி படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். வட்டி அதிகமாகிறதே என்பதைவிட, அம்மன் சன்னதியில் மஞ்சள் கயிற்றோடு மட்டும் நிற்க வேண்டுமே என்ற கவலைதான் அவருக்குப் பெரிது.

பினாங்குப் பாலம் திறந்த 1985இல்தான் நான் தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் சேர்ந்தேன். ஃபேக்டரி பஸ் தோட்டத்து வாசலுக்கே வரும். என் பெயரில் ஒரு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) எண் வந்தது. பாட்டியும் பால் வெட்டியவர்தான், ஆனால் அவர் சம்பளம் தாத்தா கைக்குப் போகும். என் காசு என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஓர் எண் இருந்தது பெரிய விஷயம், அது உனக்குப் புரியாது, புரியவும் வேண்டாம். எங்கள் லைனில் பத்துப் பெண்கள் சேர்ந்து கூட்டு கட்டினோம், மாதாமாதம் எல்லாரும் போட்டு முறை வைத்து ஒருத்தி எடுக்கும் சீட்டு. கூட்டு நடத்தக்கூடாது என்று 1971லேயே சட்டம் வந்துவிட்டதாம், எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. (இதை வெளியே சொல்லி வைக்காதே.) நம் வீட்டு முதல் ஃபிரிட்ஜ் அந்தக் கூட்டில் வந்ததுதான். ஒரு மாதம் கட்டாமல் விட்டால் மறுநாள் காசு வர வேண்டியவளுக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். யாருக்குத் துணிச்சல் வரும்?

இப்போது நான் சொல்ல வருவது இதுதான், பாப்பா. எங்களுக்கு உன்னைவிட மனக்கட்டுப்பாடு அதிகம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் காசு கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது, எடுக்கப் போனால் யாராவது பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் 555 புத்தகத்தில் எழுதும்போது ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்ப்பார், அந்தப் பார்வைக்கே பாதிச் சாமான் திரும்பிப் போகும். நீ ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படுக்கையில் கிடந்தபடி ஒரு ஜோடிச் சப்பாத்தை மூன்று தவணையில் வாங்குகிறாய். உன்னை யார் பார்க்கிறார்கள்?

செலவே செய்யாதே என்று நான் சொல்ல மாட்டேன். கோலாலம்பூரில் அறை வாடகை, ஒன்பது வருட கார் கடன், பிடிபிடிஎன் படிப்புக் கடன் பாக்கி, எல்லாம் எனக்குத் தெரியும். நான் முதல் சம்பளம் வாங்கியபோது படிப்புக் கடன் என்ற பேச்சே கிடையாது. பதினைந்து வெள்ளி காப்பியைப் பற்றியும் நான் வாய் திறப்பதில்லை, உன் அப்பாதான் புலம்புவார். தோழிகளோடு தாய்லாந்துப் பக்கம் ஹட்யாய் போய் வா, சந்தோஷமாக இரு. என் அலமாரியில் கல்யாணச் சீராக வந்த கண்ணாடித் தட்டுகள் இன்னும் வைக்கோலோடு பெட்டியில் கிடக்கின்றன. அதுவும் சேமிப்பு என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

என் பயம் இபிஎஃப் பற்றித்தான். 2024 மே மாதத்திலிருந்து உன் பெயரில் ஏறும் காசில் 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்தெரா (நலவாழ்வு) கணக்குக்கும், 10 விழுக்காடு ஃபிளெக்சிபல் (நினைத்தபோது எடுக்கும்) கணக்குக்கும் போகிறது. அந்தக் கடைசிக் கணக்கிலிருந்து 50 வெள்ளி இருந்தால்கூட ஃபோனிலேயே எடுக்கலாம், காரணம் கேட்க ஆளில்லை. உன் படிப்புக்காக நான் அப்போது இருந்த இபிஎஃப் இரண்டாவது கணக்கிலிருந்து எடுக்கப் போனபோது எத்தனை ஃபாரம், எத்தனை நகல்! அன்றைக்குத் திட்டிக்கொண்டேதான் போனேன். இப்போது நினைத்தால் அந்த வரிசைதான் என் காசைக் காவல் காத்தது.

கோவிட் நேரத்தில், 2020க்கும் 2022க்கும் இடையில், சிறப்புத் திட்டங்கள் வழியாக 145 பில்லியன் வெள்ளி இபிஎஃப்பிலிருந்து வெளியே போனது. வேலை போய் அரிசிக்கு எடுத்தவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஃபேக்டரித் தோழிகளில் சிலர் ஐம்பத்தைந்து வயதில் மொத்தமாக எடுத்து, மகனுக்குக் காரும் மகளுக்குக் கல்யாண மண்டபமும் பிடித்துக் கொடுத்துவிட்டு, இன்றைக்கு மருந்து வாங்கப் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். கொடுக்காத பிள்ளைகள் இல்லை. கேட்பதுதான் கஷ்டம். என் மீதிப் பணத்தை நான் எடுக்கவில்லை. நூறு வயது வரை லாப ஈவு உண்டு, கிடக்கட்டும்.

ஆகவே ஒன்று செய். ஃபிளெக்சிபலில் இருப்பதை ஓய்வுக்கால கணக்குக்கு மாற்றிவிடலாம். ஒருமுறை மாற்றினால் திரும்ப எடுத்துவர முடியாது, அதனால்தான் சொல்கிறேன். முதலில் மூன்று மாத வாடகைக்கு வேண்டியதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள். மீதியை மாற்று. தவணையில் இருப்பதைக் கட்டி முடிக்கும்வரை புதிதாக எதுவும் தவணையில் வேண்டாம். ரொக்கமாக எது வேண்டுமானாலும் வாங்கிக்கொள், எனக்குக் கவலையில்லை.

தீபாவளிக்கு வரும்போது உன் கணக்கை ஃபோனில் திறந்து எனக்குக் காட்டு. நானும் என்னுடையதைக் காட்டுகிறேன். அப்பாவுக்குக்கூட இதுவரை காட்டியதில்லை, அவரிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அம்மா