முதலில் பிள்ளைகளுக்குக் காது கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஸ்மார்ட் போர்ட் என்கிற தொடுதிரைப் பலகை கிடைக்கும் செய்திகளைத் தங்கள் பத்திரிகையில் படித்து மகிழ்கிறவர்களில் நானும் ஒருத்தி. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் 22 வருடங்களாக ஆரம்பப் பிரிவில் கற்பிக்கிறேன். எங்களுக்கும் ஒரு போர்ட் வந்திருக்கிறது. ஆனாலும் மனதில் இருப்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பிரிவில் நான்கு வகுப்புகள் ஒரே நீள மண்டபத்தில் நடக்கின்றன. அரைச்சுவர், தகரக் கூரை, சீலிங் கிடையாது. பெரும்பாலான இடங்களில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே கரும்பலகைதான் தடுப்பு. 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்குமுன், ஒரே ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளையும் ஓரிடத்தில் உட்கார வைத்துப் படிப்பித்தாரே, அந்தக் காலத்து அமைப்பு இன்னும் மாறவில்லை. ஜூனில் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் முன்வாங்குப் பிள்ளைக்கே என் குரல் எட்டாது. மழை விட்டால் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு.

போன வருடம் தரம் 4க்குச் சொல்வதெழுதல் வைத்தேன். மலை, மழை, கிளை, வாழை என்று பத்துச் சொற்கள். கடைசி வாங்குப் பிள்ளை ஒருத்தியின் கொப்பியில் ஆறாவது சொல் 'செவ்வகம்' என்றிருந்தது. பக்கத்து வகுப்பில் அப்போது கணிதப் பாடம். குண்டு குண்டான எழுத்தில், ஒற்றுப்பிழைகூட இல்லாமல் எழுதியிருந்தாள். அவள் கவனமாகத்தான் கேட்டிருக்கிறாள். சிவப்புப் பேனாவால் அதை வெட்ட எனக்குக் கை வரவில்லை. வேறு பலர் மலைக்கும் மழை என்றே எழுதியிருந்தார்கள். லகரத்தையும் ழகரத்தையும் அந்த இரைச்சலில் எந்தப் பிள்ளை பிரித்துக் கேட்கும்? பிறகு, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உச்சரிப்பு வராது என்று நாமே சொல்லிவிடுகிறோம். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

பாடம் நடக்கும்போது வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே 60 டெசிபல் வரும். நாங்களோ நான்கு பேர் ஒரு கூரையின் கீழ் தொண்டை கிழியக் கற்பிக்கிறோம்.

ஸ்மார்ட் போர்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீர்ச் சக்கரத்தை அதில் காட்டிய அன்று, நம் மலையில் இறங்கும் மேகம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பையன் தானாகவே எடுத்துச் சொன்னான். ஆனால் பூட்டுள்ள அறை ஒன்றுதான் இருப்பதால் போர்ட் அங்கே இருக்கிறது. ஒரு வகுப்புக்கு வாரத்தில் ஒரு பாடவேளைதான் கிடைக்கும், அன்று மழை பலத்தால் மின்சாரமும் போய்விடும். மற்ற நேரமெல்லாம் பிள்ளைகள் இருப்பது அந்த மண்டபத்தில்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் பெற்றோர் சிரமதானம் செய்து, தரம் 1க்கும் 2க்கும் நடுவே விட்டம் வரை பலகைத் தடுப்பு அடித்துக் கொடுத்தார்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்து, கால் கழுவக்கூட நேரமில்லாமல் பலகை தூக்கிய தாய்மாரை நான் மறக்கமாட்டேன். அதன் பிறகு தரம் 1 ஆசிரியை கதை சொல்லும்போது, நரி காகத்திடம் ரகசியம் பேசும் இடத்தை ரகசியக் குரலிலேயே சொல்கிறார். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்கிறார்கள். அந்தக் குரலில் கதை சொல்ல எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

போர்ட்டுக்கு மதிப்பீடு போடும்போது தடுப்புச் சுவரையும் சீலிங்கையும் அதே தாளில் சேர்த்துப் போடுங்கள் என்று பொறுப்பானவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பார்வையிட வருகிறவர்கள் வெயில் காலத்தில் வராமல் ஜூனில் வந்து, கடைசி வாங்கில் ஒரு பாடவேளை உட்காரட்டும். மீதித் தடுப்புகளுக்கு நாங்கள் அனுமதி கேட்டு ஜனவரியில் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. பலகையை அறுத்து மண்டபத்தின் ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை.