வாடிக்கையாளர் சேவைப் பணிக்கு விண்ணப்பிப்போர் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். வாடிக்கையாளர் சேவைப் பணிக்கு விண்ணப்பிக்கும் நண்பர்கள், சுயவிவரத்தை அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

'நல்ல பேச்சுத்திறன் உண்டு, கடின உழைப்பாளி' போன்ற வரிகளை முதலில் நீக்குங்கள். எல்லோரும் எழுதுவது அதுதான். தேர்வாளரின் கண் அங்கே நிற்காது. செய்த வேலையைக் காட்டுங்கள். 'அழைப்புகளைக் கையாண்டேன்' என்பதைவிட, 'நாளொன்றுக்குச் சுமார் 60 அழைப்புகள். கட்டணம், பணம் திருப்பித் தருதல் தொடர்பான புகார்களில் பெரும்பாலானவற்றை முதல் அழைப்பிலேயே தீர்த்தேன்' என்பது எவ்வளவு தெளிவாக இருக்கிறது! எண்கள் உண்மையானவையாக இருக்கட்டும். நேர்காணலில் அவற்றைத்தான் துருவிக் கேட்பார்கள்.

முன் அனுபவம் இல்லையா? கடையில் பில் போட்டது, விழாவில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொண்டது எல்லாம் கணக்கில் வரும். தயங்காமல் எழுதுங்கள்.

பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் மென்பொருள்தான் வடிகட்டுகிறது. ஆகவே வேலை விளம்பரத்தில் உள்ள சொற்களையே, உங்களுக்குப் பொருந்தும் இடங்களில், பயன்படுத்துங்கள். கட்டங்களும் அலங்காரமும் வேண்டாம். எந்த மொழியில் பேச வரும், எதில் எழுதவும் வரும் என்று பிரித்துச் சொல்லுங்கள். இரவுப் பணிக்குத் தயார் என்றால் அதற்கும் ஒரு வரி. ஒரு பக்கம் போதும், பிடிஎஃப் கோப்பாக.

எழுத்துப்பிழையை மட்டும் இலேசாக எண்ணாதீர்கள். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் பதில் எழுதப்போகிற வேலை இது. வரைவை இங்கே பகிர்ந்தால் வரிக்கு வரி பார்த்துத் தருகிறேன். தொலைபேசி எண்ணையும் முகவரியையும் மறைத்துவிட்டுப் பகிருங்கள்.